நிழல் மரங்களும் பின்னணிச் சேவைகளும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் ஊடே செல்வோர்க்குச் செம்மநத்தம் போன்ற சிற்றூர்கள் எதிர்ப்படும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சேர்வராயன் மலையில் காப்பிச்செடி திறந்த வெயிலில் வளர்க்கப்படுவதில்லை. அதன் தலைக்கு மேல் சில்வர் ஓக் மரங்களும் கல்யாண முருங்கையும் பிற காட்டு மரங்களும் கவிந்து நிற்கின்றன. அம்மரங்களைத் தழுவி மிளகுக்கொடி ஏறுகிறது. தோட்டத்தை முதன்முறை காண்பவர், காப்பிக்குச் சேர வேண்டிய வெயிலையும் நீரையும் உரத்தையும் இம்மரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றனவே என்று எண்ணக்கூடும். அவற்றை வெட்டிவிட்டால் செடிக்கு வெளிச்சம் கூடும். ஓரிரு ஆண்டுகள் காய்ப்பும் கூடக்கூடும். அதன்பின் வருவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் நன்கு விழும் செடிகளைத் தேடிவரும் இவ்வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகிறது. புழு தண்டைக் குடைந்து உள்ளே செல்கிறது. இலை வாடத் தொடங்கும்போதுதான் உழவர் அதனை அறிகிறார். அதற்குள் தண்டு கூடாகியிருக்கும்.

கணினியைப் பற்றிய கட்டுரையில் காப்பித் தோட்டத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இன்று மாணவர் பலர் தம் மடிக்கணினியில் செய்ய விரும்பும் ஒரு செயல் இம்மரம் வெட்டுதலை ஒத்தது. இயக்க அமைப்பின் பின்னணிச் சேவைகளை நிறுத்திவிட்டால் கணினி விரைவாக இயங்கும் என்னும் நம்பிக்கை நெடுங்காலமாக நிலவிவருகிறது. அந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அதற்கு ஈடாக எவ்வளவு இடரை ஏற்க வேண்டியிருக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

கண்ணுக்குத் தெரியாத பணியாளர்

திரையில் நாம் திறந்து வைத்திருப்பது ஒன்றிரண்டு மென்பொருள்களே ஆயினும், விண்டோஸ் இயக்க அமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒன்று ஒலியைக் கவனிக்கிறது. ஒன்று அச்சுப்பொறிக்குச் செல்லும் பக்கங்களை வரிசையில் நிறுத்துகிறது. ஒன்று வலைப்பின்னலில் சேர்வதற்குரிய முகவரியைக் கேட்டுப் பெறுகிறது. மற்றொன்று கடிகாரத்தைச் சரிபார்க்கிறது. இணையம் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துப் புதுப்பிப்புகளைச் சிறிது சிறிதாக இறக்கிவைப்பதற்கும் ஒரு சேவை உண்டு. லினக்ஸ் குடும்பத்திலும் இத்தகையோர் உளர். அங்கு அவர்களுக்கு 'டீமன்' என்று பெயர். இயற்பியலில் பயிலப்படும் மேக்ஸ்வெல்லின் பூதத்தை நினைவிற்கொண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 1960களில் இட்ட பெயர் இது. ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் அக்கற்பனைப் பூதத்தைப் போலவே, பயனர் அறியாமல் பின்னால் உழைப்பவை இவை.

இச்சேவைகள் யாவும் எப்போதும் விழித்திருப்பதில்லை. சில, கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும். சில, சற்றுப் பொறுத்துத் தொடங்கும். 'கைமுறை' எனக் குறிக்கப்பட்டவை, வேறொரு மென்பொருள் அழைக்கும்போது மட்டும் எழுந்து, பணி முடிந்ததும் அடங்கும். பட்டியலில் இருநூறு பெயர்களைக் கண்டு மலைப்பவர், அவற்றுள் பெரும்பகுதி உறங்கிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. உறங்குபவரை வெளியேற்றுவதால் வீட்டில் உணவு மிஞ்சுவதில்லை.

நினைவகம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நினைவகத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் கருதுகின்றனர். காலியாகக் கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை. அடிக்கடி திறக்கப்படும் மென்பொருள்களின் பகுதிகளை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைப்பதற்கென ஒரு சேவை விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருந்துவருகிறது. வேறொரு மென்பொருளுக்கு இடம் தேவைப்பட்டால் அது உடனே விலகி வழிவிடும். எனினும், பழைய சுழல்தட்டு வன்தட்டுகளைக் கொண்ட கணினிகளில் இச்சேவை வட்டினை ஓயாமல் உழைக்கவைப்பதுண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய கணினியில் அதனை நிறுத்திப் பார்ப்பதில் பெரும் தீங்கு இல்லை.

குறைபாடு உண்மையே

சேவைகளை நிறுத்த விரும்புவோரை அறியாதவர் என்று ஒதுக்குவது முறையன்று. அவர்களுடைய குறை பெரும்பாலும் உண்மையானது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல இலட்சம் மாணவர் கைகளில் முதல் கணினியைக் கொண்டுசேர்த்தது. பல வீடுகளில் அண்ணனோ அக்காளோ பெற்ற அதே மடிக்கணினியே தம்பி தங்கையர்க்கும் பயன்பட்டுவருகிறது. அதன் நினைவகம் சிறியது, வன்தட்டு வயதானது. அன்று விரைவாக இருந்த கருவி இன்று ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பொறுமையைச் சோதிக்கிறது. புதிய கணினி வாங்கும் வாய்ப்பில்லாத வீட்டில், காசு செலவின்றி விரைவு கூடும் என்று எவரேனும் சொன்னால் கேட்கத்தானே தோன்றும்?

மலையூர்களில் இன்னொரு சுமையும் சேர்கிறது. செம்மநத்தம் போன்ற ஊர்களில் மாணவர் ஒருவர் மடிக்கணினியை இணையத்தோடு இணைக்க வேண்டுமாயின், பெரும்பாலும் கைப்பேசியின் இணைப்பையே பகிர்ந்துகொள்ள வேண்டும். சரிவுகளுக்கும் மரங்களுக்கும் இடையே அலைவரிசை வந்து வந்து போகும். நாளொன்றுக்கு இவ்வளவு தரவு என்று அளந்து கொடுக்கப்படும் இணைப்பு அது. உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்ப அமரும் வேளையில் விண்டோஸ் தன் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கினால், அன்றைய தரவு முழுவதும் அதற்கே போய்விடும். சினங்கொண்டு புதுப்பிப்புச் சேவையை முடக்குபவர்மீது குற்றம் காண்பது எளிது. ஒரு கணினி, பெருநகரத்தின் தங்குதடையற்ற இணைப்பை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டதன் விளைவையே அவர் அனுபவிக்கிறார்.

ஆயினும், நோய் உண்மையாக இருப்பதால் மட்டும் மருந்தும் சரியானதாகிவிடாது.

2017 மே 12

அன்று உலகெங்கும் கணினித் திரைகள் சிவந்தன. 'வான்னக்ரை' என்னும் நச்சுநிரல் கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்து, அவற்றைத் திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் தாக்குண்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை மருத்துவங்கள் ஒத்திவைக்கப்பட்டன. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும், திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும், மேற்கு வங்க மின்பகிர்மான நிறுவனத்தின் அலுவலகங்களும் பாதிப்புக்குள்ளாயின. கேரளத்தின் வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கணினிகள் முடங்கின. வயநாடு சேர்வராயனைப் போன்றே காப்பி விளையும் மலைநாடு. இலண்டன் மருத்துவமனையைத் தாக்கிய நிரல், மலையூர் ஊராட்சி அலுவலகத்தை விட்டுவைக்கவில்லை. நம் ஊர் சிறியது, நம்மிடம் திருட என்ன இருக்கிறது என்னும் ஆறுதல் அன்றோடு பொய்த்தது.

இதில் வருந்தத்தக்க செய்தி வேறொன்று. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் நிகழ்ந்தது அதற்கு 59 நாள்கள் கழித்து. தாக்குண்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்று அவற்றிற்கு நிறுவனத்தின் ஆதரவு இருந்தது, திருத்தமும் இருந்தது. வந்து சேர்ந்திருக்க வேண்டிய திருத்தம் அவற்றில் வந்து சேரவில்லை. சில இடங்களில் நிருவாகத்தின் தயக்கம் காரணம். சில இடங்களில் போலிப் பிரதிகள் காரணம். சில இடங்களில் புதுப்பிப்பு தொல்லையென்று நிறுத்தப்பட்டிருந்தது காரணம். காரணம் எதுவாயினும் கதவு திறந்தே கிடந்தது.

இதே நிகழ்வு மறுதரப்பாருக்கும் ஒரு சான்று தருகிறது. அதனை மறைப்பது நேர்மையாகாது. வான்னக்ரை பரவிய வழி, கோப்புகளைப் பகிர்வதற்கான மிகப் பழைய நெறிமுறை ஒன்று. அதனை இனிப் பயன்படுத்த வேண்டா என்று மைக்ரோசாப்ட் 2016இலேயே அறிவுறுத்தியிருந்தது. அப்பழைய நெறிமுறையை முன்பே முடக்கியிருந்த கணினிகளுக்குள் அந்நிரலால் அவ்வழியே புக முடியவில்லை. 2021 சூலையிலும் இதுபோல் ஒன்று நேர்ந்தது. அச்சுப்பொறிக்குப் பக்கங்களை அனுப்பும் சேவையில் பெரும் ஓட்டை கண்டறியப்பட்டபோது, திருத்தம் வரும்வரை அச்சேவையையே நிறுத்திவைக்குமாறு அதனைச் செய்த நிறுவனமே கூறியது. ஆகவே, சேவையை முடக்குவது எப்போதும் பிழை என்பதற்கில்லை. அச்சுப்பொறியே இல்லாத வீட்டில் அச்சுச் சேவை இயங்கவேண்டிய கட்டாயமில்லை. தேவையற்ற வாசலை அடைப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியே.

வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. வாசலை அடைப்பதும் காவலாளியை அனுப்பிவிடுவதும் ஒன்றல்ல. விரைவை நாடிச் சேவைகளை நிறுத்துவோரின் பட்டியல்களில் புதுப்பிப்பும் பாதுகாப்பு மையமும் நச்சுநிரல் எதிர்ப்பும் முதலிடம் பெறுவதைக் காணலாம். கணினியை அதிகம் உழைக்கவைப்பவையாகக் கண்ணுக்குப் படுபவை அவைதாம். 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய 'கான்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரல், ஒரு கணினிக்குள் புகுந்தவுடன் நிறுத்திய சேவைகள் எவை? தானியங்கிப் புதுப்பிப்பு, பாதுகாப்பு மையம், விண்டோஸ் டிஃபெண்டர், பிழை அறிவிப்பு ஆகியன. பகைவன் வந்ததும் முதலில் செய்யும் வேலையை, அவன் வருமுன்னரே நாம் செய்துவைப்பது என்ன சிக்கனம்?

விளைவு பிந்தி வரும்

இடரின் அளவை மட்டும் கருதினால் போதாது. அது எப்போது, எந்த வேடத்தில் வரும் என்பதையும் கருத வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: கடிகாரச் சேவையை ஒருவர் தேவையற்றதென்று முடக்கிவிடுகிறார். அன்று ஒன்றும் நேரவில்லை. மறுநாளும் நேரவில்லை. முடக்கியதையே அவர் மறந்துவிடுகிறார். சில மாதங்கள் கழித்து, அப்பழைய மடிக்கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோகிறது. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது. திருத்திக்கொடுக்கும் சேவையோ உறக்கத்தில் இருக்கிறது. இப்போது பாதுகாப்பான இணையத்தளம் எதுவும் திறப்பதில்லை. ஏனெனில் ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்னும் கணக்கின்படியே ஏற்கப்படுகிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, 'இவ்விணைப்பு பாதுகாப்பற்றது' என்னும் அறிவிப்பின் முன் மாணவர் திகைத்து நிற்கிறார். அலைவரிசையைக் குறைகூறுகிறார், உலாவியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார். மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் அழுத்திய பொத்தான் அவர் நினைவுக்கு வருவதேயில்லை.

சேவைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இத்தகைய இடர்ப்பாடுகளுக்கு முடிவில்லை. தொலைச் செயல்முறை அழைப்பு என்னும் ஒரு சேவையை நிறுத்தினால் விண்டோஸில் ஏறத்தாழ அனைத்தும் நிலைகுலையும். அதன் பெயரில் உள்ள 'தொலை' என்னும் சொல்லைக் கண்டு, வெளியார் நம் கணினிக்குள் நுழைய உதவும் சேவை போலும் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. குறியாக்கச் சேவையை நிறுத்தினால் கோப்புகளின் மெய்ம்மையைச் சரிபார்க்க இயலாமற்போய்ப் புதுப்பிப்புகள் தோல்வியுறும். பெயரைப் பார்த்துப் பயனைத் தீர்மானிக்கும் இடமன்று இது.

புதுப்பிப்பே தீங்கு செய்த நாளும் உண்டே என்று வினவலாம். உண்டு. 2024 சூலை 19 அன்று 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுபட்ட புதுப்பிப்பொன்று, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையோடு நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் பயணியர்க்கு நுழைவுச்சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. அப்புதுப்பிப்பு விண்டோஸின் புதுப்பிப்புச் சேவை வழியாக வந்ததன்று; பெருநிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும் பாதுகாப்பு மென்பொருளுடையது. வீட்டுக் கணினிகளை அது தொடவில்லை. என்றாலும் இந்நிகழ்வு கற்பிக்கும் எச்சரிக்கை செல்லத்தக்கதே: புதுப்பிப்பை வந்த நொடியிலேயே ஏற்க வேண்டிய கட்டாயம் எல்லார்க்கும் இல்லை. சில நாள்கள் தள்ளிவைக்கலாம். விண்டோஸ் 10இல் 35 நாள்கள் வரை புதுப்பிப்பை ஒத்திவைக்கும் வசதி இருந்தது. ஒத்திவைப்பதற்கும் அடியோடு நிறுத்துவதற்கும் இடையே 59 நாள்களைக் காட்டிலும் பெரிய இடைவெளி இருக்கிறது.

கிளை கழித்தல்

சேர்வராயன் மலைத் தோட்டக்காரர் நிழலை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. பருவம் பார்த்து மரமேறிக் கிளைகளைக் கழிக்கிறார். எந்தக் கிளை எந்தச் செடிக்கு நிழலிடுகிறது, மழைக்குமுன் எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மரம் நிற்கிறது, கிளை குறைகிறது. திருக்குறள் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒரு செயலால் அழிவதையும் ஆவதையும் பின் வரும் ஊதியத்தையும் எண்ணிப்பார்க்கச் சொல்லும் நாட்டில் இது வியப்பன்று.

மெதுவாக இயங்கும் மடிக்கணினிக்கும் இவ்வழி பொருந்தும். கணினியை மெதுவாக்குபவை பெரும்பாலும் இயக்க அமைப்பின் சேவைகள் அல்ல. நாமே நிறுவி மறந்துவிட்ட மென்பொருள்கள். கணினி தொடங்கும்போது தாமும் தொடங்கும்படி அவை தம்மைப் பதிவுசெய்துகொள்கின்றன. பணி மேலாளரில் தொடக்கப் பட்டியலைத் திறந்து அவற்றை நீக்கலாம். பிழைபட்டால் மீண்டும் சேர்க்கலாம். இயக்க அமைப்பு அசைவதில்லை. கைப்பேசி இணைப்பைப் பயன்படுத்துவோர், வைஃபை அமைப்பில் அதனை 'அளவிடப்பட்ட இணைப்பு' எனக் குறித்துவிட்டால் போதும். விண்டோஸ் பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானே நிறுத்திவைத்து, அளவற்ற இணைப்பு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்கும். மலையிலிருந்து மாதம் ஒருமுறை சேலத்திற்கு இறங்கும்போது உறவினர் வீட்டிலோ பள்ளியின் கணினி அறையிலோ அதனை முடித்துக்கொள்ளலாம். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்தினால், சேவைகள் அனைத்தையும் முடக்கினாலும் கிட்டாத விரைவு கிட்டும். அதற்குச் செலவுண்டு, ஆனால் புதிய கணினியின் விலையில் அது சிறு பங்கே.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. அவ்வமைப்புகளில் புதுப்பிப்புச் சேவை இயங்கினாலும் முன்போல் திருத்தங்கள் வருவதில்லை. அத்தகைய கணினியை வைத்திருப்போர்க்கு லினக்ஸ் ஒரு நல்வழி. தமிழக அரசு தொடக்கத்தில் வழங்கிய மடிக்கணினிகளில், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பலர் அதனைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மேல்நிலை வகுப்பில் உபுண்டு பயிலும் மாணவர், அதனைத் தம் வீட்டுப் பழைய கருவியில் நிறுவிப் பார்ப்பதற்கு இதைவிட வேறு தூண்டுதல் தேவையில்லை.

அதன்பின்னும் ஒரு சேவையை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அதற்கும் ஒழுங்கு உண்டு. அச்சேவை யாது செய்கிறது, எவை அதனைச் சார்ந்துள்ளன என்று முதலில் படித்தறிய வேண்டும். அதன் பண்புகளைத் திறந்தால் இவ்விரண்டையும் விண்டோஸே காட்டும். 'முடக்கு' என்பதற்கு மாறாகக் 'கைமுறை' என மாற்றினால், தேவைப்படும்போது அதனால் எழ முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒரு வாரம் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். மாற்றிய நாளையும் சேவையின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எவரோ தொகுத்த நீண்ட பட்டியலை ஒரே மூச்சில் நிறைவேற்றும் நிரல்களை ஏற்பது, தன் தோட்டத்தைப் பார்த்திராத ஒருவரிடம் வாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வதற்கு நிகர்.

இவ்வளவும் செய்து ஒருவர் பெறும் விரைவு, பெரும்பாலும் கடிகாரத்தால் அளக்க இயலாத அளவினது. புதுப்பிப்பு, பாதுகாப்பு, கடிகாரம், வலைப்பின்னல் ஆகியவற்றின் சேவைகளைப் பொறுத்தவரை அவ்வூதியம் இடருக்கு ஈடாகாது. அச்சுப்பொறி இல்லாத வீட்டின் அச்சுச் சேவையையும், பழைய வன்தட்டை வருத்தும் முன்னேற்றுச் சேவையையும் நிறுத்த விரும்புவோர் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம், குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு.